கஜானா வென்ற போர்கள்

போர் என்றாலே நமக்கு ஆயுதக் கணக்குதான். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எந்த ட்ரோன் எவ்வளவு நேரம் பறக்கும் என்று கிரிக்கெட் வீரர்களின் ரன் சராசரியை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு வரலாற்றுக் கொள்கை இருக்கிறது. கல் போய் வெண்கலம் வந்தது, வெண்கலம் போய் இரும்பு வந்தது, பிறகு வெடிமருந்து, பீரங்கி, டாங்கி, அணுகுண்டு, இப்போது ட்ரோன். புது ஆயுதம் யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர் ஜெயிக்கிறார், பழையதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அழிகிறார். பள்ளிப் பாடத்திலிருந்து வாட்ஸ்அப் பகிர்வு வரை இதையே சொல்கிறார்கள்.

இதை நான் ஏற்கவில்லை. ஆயுதத்துக்குப் போரில் பங்கே இல்லை என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் போர்முறை ஏன் மாறியது, யார் எதனால் வென்றார்கள் என்ற கேள்விக்கு ஆயுதத்தை விடையாகச் சொல்வது, விசாரணையைப் பாதியில் மூடிவிடும் வேலை. எதிர்த்தரப்புக்கு மிகவும் வசதியான களத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அது கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவைப் பிடித்த கதை. வெள்ளைக்காரனிடம் துப்பாக்கி இருந்தது, நம்மிடம் வாளும் வேலும்தான் இருந்தன, அதனால் தோற்றோம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்பும் கதை.

அந்தக் கதைக்கு ஒரு நல்ல சாட்சி சென்னையிலேயே உண்டு. 1746ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அடையாற்றங்கரையில் நடந்த சண்டை அது. பிரெஞ்சுக்காரர்கள் செப்டம்பரில் சென்னையைப் பிடித்துவிட்டார்கள். நகரத்தைத் தனக்குத் தராமல் ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் கொண்ட ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன், மகன் மஃபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். சுமார் பத்தாயிரம் பேர். எதிரே புதுச்சேரியிலிருந்து வந்த பரதி என்ற சுவிஸ் அதிகாரியிடம் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆற்றைக் கடந்தார், வரிசையாக நின்று சுட்டார், துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது. துப்பாக்கிக் காலாட்படை குதிரைப்படையை முறியடித்துவிட்டது என்று அன்றைக்கே எழுதத் தொடங்கினார்கள். இன்றும் பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றன.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பரதியின் படையில் பெரும்பாலோர் சிப்பாய்கள், இந்த மண்ணில் ஆள் எடுத்துப் பழக்கியவர்கள். நவாபின் படையிலும் துப்பாக்கி இருந்தது, பீரங்கியும் இருந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? கவாத்தில். ஆனால் கவாத்து சும்மா வராது. ஒருவனை ஆண்டு முழுவதும் நாள்தோறும் நிற்க வைத்து, மருந்து இடிக்க வைத்து, ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் சுடப் பழக்க வேண்டுமானால், அவன் வேறு வேலை பார்க்கப் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு மாதம் பிறந்தால் அவன் கையில் சம்பளம் விழ வேண்டும். நவாபுகளின் படைகளில் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி என்பது சாதாரண விஷயம். பாக்கி வாங்குவதற்காகத் தங்கள் தளபதியையே சிப்பாய்கள் நகரவிடாமல் சூழ்ந்து உட்கார்ந்த கதைகள் அந்த நூற்றாண்டில் ஏராளம். அப்படிப்பட்ட படையைத் தினமும் கவாத்துக்கு அழைத்தால் யார் வருவார்கள்?

அடையாற்றில் தெரிந்த அந்த வித்தியாசமும் நிலைக்கவில்லை. முப்பத்து நான்கே ஆண்டுகளில் மைசூர் அதை எட்டிப் பிடித்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் மகன் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். பெய்லியிடம் சுமார் 3,800 பேர். ராக்கெட்டோ பீரங்கிக் குண்டோ, ஏதோ ஒன்று அவருடைய வெடிமருந்து வண்டிகளில் விழுந்து அவை வெடித்துச் சிதறின. அதோடு கதை முடிந்தது. சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக் சுவரில் இந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம். சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள், நடுவில் தீப்பிடித்து எழும்பும் வண்டி, பல்லக்கில் உட்கார்ந்து செய்வதறியாமல் பார்க்கும் பெய்லி. சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த தளபதி ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லி சிறைப்பட்டு 1782இல் சீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார்.

இத்தனைக்கும் மைசூரின் ராக்கெட் இங்கிலாந்திடம் இல்லாத ஆயுதம். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, மூங்கிலோ வாளலகோ கட்டிப் பறக்கவிடுவார்கள். 2018இல் சிவமொக்கா மாவட்டத்தில் தூர்ந்துபோன ஒரு கிணற்றைத் தோண்டியபோது இவற்றில் ஆயிரத்துக்கும் மேல் துருப்பிடித்த நிலையில் கிடைத்தன. 1799இல் சீரங்கப்பட்டணம் கம்பெனியிடம் விழுந்தபோது கைப்பற்றிய ராக்கெட்டுகளை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்; அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1807இல் கோபன்ஹேகன் நகரத்தை எரித்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. மேலான ஆயுதம் உள்ளவன் வெல்வான் என்றால் 1799இல் வென்றிருக்க வேண்டியது யார்?

மராட்டியர் கதை இன்னும் கூர்மையானது. மகாதஜி சிந்தியா 1784இல் பிரெஞ்சுப் பக்கத்து சவாய்க்காரரான த புவானை வேலைக்கு வைத்து, ஐரோப்பிய முறையில் காலாட்படையும் பீரங்கிப்படையும் உருவாக்கினார். பீரங்கி வார்க்க ஆக்ராவில் பட்டறை இருந்தது. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயியில் ஆர்தர் வெல்லஸ்லி கம்பெனிப் படையோடு அந்தப் பீரங்கிகளுக்கு முன்னால் நின்றார். வென்றார், ஆனால் ஆறேழாயிரம் பேர் கொண்ட படையில் 1,500க்கும் மேல் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனையே வீழ்த்திய இந்த மனிதர், தாம் போர்க்களத்தில் செய்தவற்றில் சிறந்தது எது என்று கேட்டதற்கு அசாயியின் பெயரைச் சொன்னதாக அவரைச் சுற்றியிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கால வரிசையைப் பாருங்கள். ஆயுதத்திலும் கவாத்திலும் ஐரோப்பியருக்குத் தெளிவான மேல்கை இருந்தது 1740களிலும் 50களிலும். அப்போது கம்பெனியிடம் இருந்த நிலம் கொஞ்சம். இந்தியப் படைகள் அதே துப்பாக்கி, அதே பீரங்கி, அதே கவாத்தோடு சரிக்குச் சரியாக நின்றது 1780 முதல் 1803 வரை. மைசூரும் டெல்லியும் தக்காணமும் கம்பெனி கைக்குப் போனது அதையொட்டிய ஆண்டுகளில்தான். இடைவெளி குறையக் குறைய வெற்றி கூடியிருக்கிறது. ஆயுதக் கொள்கைக்காரர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பதில் கஜானா.

புள்ளலூருக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும். சென்னை அரசு கையில் காசில்லாமல் நின்றது. கல்கத்தாவிலிருந்து கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், தளபதி அயர் கூட்டைப் படையோடும் லட்சக்கணக்கான ரூபாயோடும் கடல்வழி அனுப்பினார். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரைத் தடுத்து நிறுத்தினார். அவருடைய படைக்கு அரிசி கப்பலில் வந்தது. கல்கத்தாவுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 1765இல் முகலாயப் பேரரசர் எழுதிக்கொடுத்த வங்காளத்து திவானி உரிமையிலிருந்து, அதாவது வங்காளத்து உழவர்களின் நிலவரியிலிருந்து. அதுவும் போதவில்லை. காசி அரசர் சேத் சிங்கிடம் ஹேஸ்டிங்ஸ் கூடுதல் பணம் கேட்டு நெருக்க, 1781இல் அங்கே கலகமே வெடித்தது. அடுத்து அயோத்தி பேகம்களின் கஜானாவில் கை வைத்தார். காஞ்சிபுரத்தில் தோற்ற போருக்குக் காசியிலும் பைசாபாத்திலும் வசூல் நடந்தது. ஹைதர் அலியால் அப்படி முடியுமா? அவர் படைக்குச் சோறு போட மைசூர் ஒன்றுதான் இருந்தது. ஒரு களத்தில் தோற்றால் ஹைதருக்கு அது ராஜ்ஜியத்தின் பிரச்சினை; கம்பெனிக்கு ஒரு வருடக் கணக்கில் விழுந்த நஷ்டம்.

போரின் தன்மை மாறியது இங்கேதான். மழைக்காலம் முடிந்து விஜயதசமியன்று எல்லை தாண்டி, அடுத்த மழைக்கு முன் வீடு திரும்புவது மராட்டியரின் பழைய வழக்கம். உழுகிறவனும் போர் செய்கிறவனும் ஒரே ஆளாக இருந்த உலகம் முழுவதும், பழைய கிரேக்கம் உட்பட, இப்படித்தான் பருவம் பார்த்துப் போர் நடந்தது. வயலுக்குத் திரும்ப வேண்டியவனை வைத்து ஆண்டுக்கணக்கில் போர் நடத்த முடியாது. இதை உடைத்தது கடன். பிரான்சோடு போரிடப் பணம் தேடிய இங்கிலாந்து அரசுக்கு 8 சதவீத வட்டியில் 12 லட்சம் பவுண்ட் கடன் கொடுப்பதற்காகவே 1694இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து பிறந்தது. 1750களில் அந்த அரசு 3 சதவீதத்துக்குக் கடன் வாங்கியது. வரி ஒழுங்காக வரும், வட்டி தவறாது என்று கடன் கொடுத்தவர்கள் நம்பினார்கள். நாளைக்கு வரப்போகும் வரியை இன்றைக்கே செலவழித்துப் படை வைத்திருக்க முடிந்தது.

இந்தப் பக்கம் ஆற்காட்டைப் பாருங்கள். நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டி இருபது சதவீதத்தையும் தாண்டியது. வாங்கிய கடனுக்கு மாவட்டங்களின் வரி வசூலை எழுதிக்கொடுத்தார். 1773இல் கம்பெனிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்ததும் அந்த வருமானமும் அடமானத்துக்குப் போனது. லண்டன் உத்தரவுப்படி ஆளுநர் பிகட் 1776இல் தஞ்சாவூரை அதன் அரசரிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற ஊழியர், இந்த வருவாய் எனக்கு ஈடு என்று வந்து நின்றார். விளைவு, ஆளுநரை அவருடைய சபையே கைது செய்தது. அடுத்த ஆண்டு பிகட் காவலிலேயே செத்தார். காவிரிப் படுகையின் விளைச்சலை யார் வசூலிப்பது என்ற சண்டையில் சென்னை ஆளுநரின் உயிர் போயிருக்கிறது. 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டுக் கடன்களைப் பற்றிப் பேசிய பேச்சு இந்தக் கூத்தைப் பற்றியதுதான். துப்பாக்கி வியாபாரி எல்லோருக்கும் விற்பான். மூன்று சதவீத வட்டிக்குக் கடன் எல்லோருக்கும் கிடைக்காது.

சம்பளத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மாடு. இது போர் வரலாற்றில் யாரும் படம் வரையாத பாத்திரம். 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தின் வாசலுக்கே வந்துவிட்டார். மே 15 அன்று அரகெரேயில் திப்புவைக் களத்தில் வென்றும் விட்டார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, இழுவை மாடுகள் நோயிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தன, முற்றுகைப் பீரங்கிகளை நகர்த்த ஆளும் இல்லை மாடும் இல்லை. வென்ற தளபதி தன் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டு பெங்களூருக்குத் திரும்பி நடந்தார். வழியில் கூட்டாளிகளான மராட்டியரின் படைச்சந்தை எதிர்ப்பட்டதால் அவருடைய ஆட்கள் சாப்பிட்டார்கள், சந்தைக்காரர்கள் சொன்ன விலைக்கு. மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் திரும்பி வந்தபோது ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியம் ஏற்றிக்கொண்டு லம்பாடி வணிகர்கள் கூடவே வந்தார்கள். ரொக்கம் கொடுப்பவர் யாரோ அவர் பக்கம் அந்த வணிகர்கள் வருவார்கள். 1792இல் திப்பு பணிந்தார். பீரங்கியின் ரகம் இரண்டு ஆண்டும் ஒன்றேதான்.

ஹைதருக்கும் திப்புவுக்கும் மாட்டின் அருமை நன்றாகவே தெரியும். அமிர்தமகால் மாடுகளைப் படைக்கென்றே வளர்த்தவர்கள் அவர்கள். சொல்லப்போனால் இந்தியாவில் கம்பெனிக்கு நிகரான ஓர் அரசை, நேரடி வரி வசூல், சம்பளப் படை, அரசே நடத்தும் வணிகம் என்று கட்ட முயன்றவர் திப்பு. கம்பெனி அவரைக் கண்டு பயந்ததும் அதனால்தான். 1792 உடன்படிக்கையைப் படித்தால் இது தெளிவாகும்: பாதி ராஜ்ஜியம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பணம் கட்டும்வரை இரண்டு மகன்கள் பிணை. ராக்கெட் பட்டறையை மூடு என்று கேட்கவில்லை, வருமானத்தைக் கேட்டார்கள். சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்து பாராமகாலும் திண்டுக்கல்லும் அப்போதுதான் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலம் அளந்து வரி போட வந்துவிட்டார்கள். அடுத்த போருக்கு, 1799இல், வேலூரில் திரண்டு கிளம்பிய படையோடு ஏறக்குறைய ஒரு லட்சம் காளைகள் நடந்தன. அப்போதும் மே மாதத் தொடக்கத்தில் அரிசி தீரும் நிலைக்கு வந்துவிட்டது. கோட்டைச் சுவர் உடைவது சில நாள் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தளபதி ஹாரிஸே கவலைப்பட்டார்.

இந்த இடத்தில் நம் ஊரில் ஒரு குரல் எழும். ஆயுதமும் இல்லை, பணமும் இல்லை, காட்டிக்கொடுத்தவர்களால்தான் தோற்றோம் என்று. கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் எட்டயபுரத்தையும், திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்கையும் இழுப்பார்கள். துரோகம் எல்லாப் படையிலும் உண்டு. விலை கொடுக்க யாரிடம் பணம் இருந்தது என்பதுதான் கேள்வி. 1803இல் சிந்தியாவின் படையிலிருந்து விலகி வரும் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு, அங்கே வாங்கும் அதே சம்பளத்தைத் தருகிறோம் என்று கம்பெனி வெளிப்படையாக அறிவித்தது. பலர் வந்தார்கள். தலைமைத் தளபதி பெரோனே செப்டம்பரில் சரணடைந்தார். அசாயியில் மராட்டியப் பீரங்கிகள் இருந்தன. அவற்றை நடத்த வேண்டிய அதிகாரிகளில் பலர் இல்லை.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் இதே கணக்கு. 1959ஆம் ஆண்டுப் படத்தில் சிவாஜியின் கர்ஜனை எல்லோருக்கும் நினைவிருக்கிறது; அந்தக் கர்ஜனை கிஸ்தியைப் பற்றியது என்பது மறந்துவிட்டது. கட்டபொம்மனோடு தகராறு தொடங்கியதே வரி நிலுவையில்தான். 1801 மார்ச் மாதம், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் அவசரமாக எழுப்பிய மண்கோட்டையைத் துப்பாக்கியும் பீரங்கியும் கொண்டு வந்த கம்பெனிப் படை தாக்கித் தோற்று ஓடியது. உள்ளே இருந்தவர்களிடம் முக்கியமாக இருந்தது நீண்ட ஈட்டி. ஆனால் கம்பெனி இரண்டு மாதத்தில் கர்னல் அக்னியூ தலைமையில் இன்னும் பெரிய படையோடு வந்தது. தோற்றாலும் இன்னொரு முறை வரும். பாளையத்து வீரனுக்குக் கூலி நிலமானியம். மானிய நிலம் இருக்கும் ஊரை இழந்தால் அவனுக்குச் சம்பளமும் போச்சு. மே மாதம் கோட்டை விழுந்தது, அக்டோபரில் ஊமைத்துரையோடு சேர்ந்து போரிட்ட மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினார்கள்.

அப்படியானால் பணக்காரன் தோற்றதே இல்லையா என்று கேட்கலாம். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து கிளம்பிய சுமார் 16,000 பேர் கொண்ட கம்பெனிக் கூட்டம் மலைக் கணவாய்களில் அழிந்தது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்புதான், செலவைக் குறைக்கிறேன் என்று கில்சாய் பழங்குடித் தலைவர்களுக்குக் கொடுத்துவந்த ஆண்டுத் தொகையைக் காபூலில் இருந்த பிரிட்டிஷ் தூதர் மக்நாட்டன் வெட்டியிருந்தார். கணவாய்கள் மூடிக்கொண்டது அதன் பிறகு. ஆப்கானிஸ்தானில் வரியாக வருவது படைச்செலவில் சிறு பங்குக்குக்கூடக் காணாது என்பதும் உண்மை. எடுக்க ஒன்றும் இல்லாத நாட்டில் இந்த இயந்திரம் ஓடாது.

ட்ரோன் யுகத்திலும் கணக்கு மாறிவிடவில்லை. உக்ரைனில் ட்ரோன்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாக எழுதுகிறார்கள். அதே உக்ரைனுக்கு 12 மாதத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது பாதியளவுதான் போய்ச் சேர்ந்திருந்தது. உலகின் மிகப் பணக்காரக் கண்டங்களில் ஒன்றிடம் போதுமான தொழிற்சாலையும் அதற்கு முன்பணம் போடும் ஏற்பாடும் இல்லை. இது ட்ரோனின் வேகத்தைப் பற்றிய செய்தி இல்லை. பட்ஜெட்டைப் பற்றிய செய்தி. தொலைக்காட்சியில் அடுத்த முறை ஏவுகணையின் தூரத்தை யாராவது சொன்னால், ஒரு மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும், காசு யார் தருகிறார் என்று கேளுங்கள்.

கம்பெனியின் போர்களுக்குக் காசு தந்தது யார் என்பதற்கு ஆவணமே இருக்கிறது. 1833 சட்டம், கம்பெனியின் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் 10.5 சதவீத ஈவுத்தொகையை இந்திய வருவாயிலிருந்து கொடுக்கச் சொன்னது. 1858இல் ஆட்சி விக்டோரியா ராணியின் பெயருக்கு மாறியபோது, போர்களால் சேர்ந்த கம்பெனியின் கடனும் இந்தியாவின் கணக்கிலேயே எழுதப்பட்டது. தங்களைப் பிடித்தவர்களின் பங்குகளுக்கு இந்திய உழவர்கள் 1874 வரை ஈவுத்தொகை கட்டினார்கள்.